தற்காலிகம் என்று எழுதிய வீடுகள்

1992 பெப்ரவரியில் என்னை ஒரு சிறு நகரத்தின் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்த கொண்டெய்னர் முகாமுக்கு அனுப்பினார்கள். ஹம் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான தூரம். ஒரு பெட்டிக்கு நான்கு பேர், இரண்டு அடுக்குக் கட்டில்கள், நான்கு இரும்பு அலுமாரிகள், ஒரு மேசை. நுனிக்காலில் எம்பிக் கையை உயர்த்தினால் விரல் கூரையில் பட்டது. இரவில் எங்கள் மூச்சுக்காற்று இரும்பு மூலைகளில் நீராகிக் காலையில் கட்டில் விரிப்பில் சொட்டும். பொறுப்பாளரிடம் சொன்னோம். "இது தற்காலிகம்தானே" என்றார். நான் அங்கே மூன்று வருடமும் நான்கு மாதமும் இருந்தேன். எனக்குப் பின் வந்தவர்கள் அதே பெட்டிகளில் இன்னும் அதிக காலம் இருந்தார்கள்.

பல வருடங்களின் பின் எனக்கு நிரந்தர வேலை கிடைத்த இடம் ஒரு தொழிற்சாலை. அங்கே அறைகளையே முழுதாகச் செய்து, லொறியில் ஏற்றி அனுப்புவோம். பாடசாலைகள், கந்தோர்கள், முதியோர் விடுதிகள், சில வேளை அகதிகளுக்கான குடியிருப்புகள். முதல் வாரத்தில் மேற்பார்வையாளர் என் கையில் ஓர் அளவு நாடாவைத் தந்து, "தரையிலிருந்து கூரை வரை 2.40 மீட்டர். அதற்குக் குறைந்தால் அது மனிதர் வசிக்கும் அறை அல்ல, களஞ்சியம்" என்றார். அன்றுதான் நான் கட்டட விதிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்த யோசனையின் நீட்சி.

*

ஜேர்மனியில் கட்டடச் சட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஓரிடத்தில் எதைக் கட்டலாம், வீடா ஆலையா என்பதை மத்திய அரசின் சட்டம் சொல்கிறது. கட்டுவதை எப்படிக் கட்டவேண்டும், சுவர் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கவேண்டும், படி எவ்வளவு அகலம் என்பவற்றை மாநிலங்கள் சொல்கின்றன. இந்தப் பிரிவினையை 1954 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஓர் அபிப்பிராயத்தில் தெளிவாக்கியது. அதன்பின் மாநிலங்கள் ஒன்றுக்கொன்று முரணாகப் போகாமல் இருக்க ஒரு மாதிரி விதித்தொகுப்பு எழுதப்பட்டது. நாங்கள் வாழும் வடரைன்-வெஸ்ற்பாலியா தன் முதல் கட்டட ஒழுங்குவிதியை 1962 இல் இயற்றியது.

மாதிரித் தொகுப்பில் மனிதர் வசிக்கும் அறைக்குச் சில எளிய அளவுகள் உண்டு. உயரம் 2.40 மீட்டர். யன்னலின் பரப்பு தரையின் பரப்பில் எட்டில் ஒன்றுக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒன்றையொன்று சாராத இரண்டு தப்பும் வழிகள் இருக்கவேண்டும். இரண்டாவது வழி தீயணைப்பாளரின் ஏணி எட்டும் ஒரு யன்னலாகவும் இருக்கலாம். இந்த மூன்று அளவுகளுக்குள்ளும் ஒரு நூற்றாண்டுக் கால நகர வாழ்வின் காசநோயும் தீ விபத்துகளும் அடங்கிக் கிடக்கின்றன.

கப்பலில் போகும் சாதாரண 20 அடிப் பெட்டியை இந்த அளவுகளோடு வைத்துப் பாருங்கள். வெளியே அதன் உயரம் 2.591 மீட்டர். தரையும் கூரையும் போக உள்ளே கிடைப்பது சுமார் 2.39. சட்டம் கேட்பதற்கு ஒரு சென்றிமீட்டர் குறைவு. குளிருக்குக் காப்புப் பஞ்சு வைத்தால் இன்னும் குறையும். அதனால் குடியிருப்புக்கென்று ஒழுங்காகச் செய்யும் ஆலைகள் பெட்டியை உயர்த்திச் செய்கின்றன. சரக்குக்குச் செய்த அளவு மனிதருக்குப் போதாது என்பதைச் சட்டம் ஒரு சென்றிமீட்டரால் சொல்லியிருக்கிறது.

இதே விதித்தொகுப்பில் எனக்குப் பிடித்த ஒரு சொல் உண்டு: 'ஃப்ளீகன்ட பௌட்டன்'. பறக்கும் கட்டடங்கள். சர்க்கஸ் கூடாரம், இராட்டினம், பெருநாள் கால பியர்க் கூடாரம் போல, கழற்றி இன்னோர் ஊரில் மீண்டும் பூட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. இவற்றுக்கு ஊர் ஊராகக் கட்டட அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒரே அனுமதி, அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கு. அதோடு ஒரு பரிசோதனைப் புத்தகமும் கூடவே போகும். புது ஊரில் இறங்கியதும் அதிகாரி புத்தகத்தைப் பார்த்து, பூட்டியது சரியா என்று சோதிப்பார். காலம் முடிந்தால் மறுபடி பரிசோதனை, பிறகுதான் நீட்டிப்பு. ஓர் இராட்டினத்துக்கு இருக்கும் இந்தக் கடவுச்சீட்டைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. என்னிடம் அப்போது இருந்ததோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முத்திரை குத்தும் ஒரு மடித்த தாள்.

ஆனால் நாங்கள் இருந்த பெட்டி பறக்கும் கட்டடம் அல்ல. அது ஓரிடத்தில் நின்றது. சட்டப்படி அது ஒரு கட்டடம்தான், காலக்கெடு எழுதப்பட்ட கட்டடம். இந்தக் காலக்கெடுவின் கதையைத்தான் நான் தேடிப் போனேன்.

*

தொழிற்சாலையில் செய்த வீடு என்றாலே மட்டமானது, கொஞ்சக் காலத்துக்கானது என்று எங்கள் ஆட்கள் நினைப்பதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜேர்மனியின் வரலாறு வேறு சொல்கிறது.

1885 இல் அன்ற்வேர்ப்பன் நகரில் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு போட்டி வைத்தது: எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய மருத்துவக் கொட்டகையை யார் நன்றாகச் செய்வது? டென்மார்க்கைச் சேர்ந்த டொக்கர் என்ற இராணுவ அதிகாரி கண்டுபிடித்த கொட்டகை வென்றது. அதைச் செய்தது கிறிஸ்ரோப் அன்ட் உன்மாக் என்ற நிறுவனம். பின்னர் அந்த நிறுவனம் போலந்து எல்லைக்கு அருகில் நீஸ்கி என்ற சிற்றூரில் மர வீடுகளைத் தொழிற்சாலையில் செய்யும் பெரிய ஆலையாக வளர்ந்தது. 1920களில் அங்கே தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர் கொன்ராட் வக்ஸ்மான். 1929 இல் அவர் பொட்ஸ்டாமுக்கு அருகே கபுத் கிராமத்தில் அல்பேர்ட் ஐன்ஸ்ரைனுக்கு ஒரு மர வீட்டை வடிவமைத்தார்.

ஐன்ஸ்ரைன் அந்த வீட்டில் மூன்று கோடைகாலங்களுக்கு மேல் இருக்கவில்லை. 1932 டிசம்பரில் நாட்டை விட்டுப் போனவர் திரும்பவேயில்லை. வக்ஸ்மானும் யூதர். அவரும் அகதியாகி 1941 இல் அமெரிக்கா சேர்ந்தார். அங்கே தன்னைப்போலவே நாட்டை விட்டுப் போயிருந்த வால்ரர் குரோப்பியஸுடன் சேர்ந்து, பலகைகளைப் பூட்டி விரைவாக எழுப்பும் ஒரு வீட்டு முறையை உருவாக்கினார். தொழில்நுட்பமாக அது புகழ் பெற்றது, வியாபாரமாகத் தோற்றது. வீட்டைப் பூட்டிக் கழற்றும் கலையை உலகுக்குச் சொன்னவர்கள் தாங்களே வீடிழந்தவர்கள்.

கபுத் வீடு இன்றும் நிற்கிறது. குடியிருந்த மனிதர் அகதியாகிப் போக, மரச் சுவர் நூறு வருடத்தை நெருங்குகிறது. இன்று ஜேர்மனியில் கட்டப்படும் ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தொழிற்சாலையில் செய்த சுவர்களால் ஆனது. செங்கல் வீட்டுக்கு இருக்கும் விதி அத்தனையும் இவற்றுக்கும் உண்டு. அதற்கு மேல், ஆலைக்குள் வெளியார் வந்து பரிசோதிக்கும் ஏற்பாடும் உண்டு. எங்கள் ஆலையில் அந்தப் பரிசோதகர் வரும் நாளில் மேற்பார்வையாளர்கள் தேநீர் குடிக்க மறந்துவிடுவார்கள். சுவரை மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டும் இடத்தில் எவரும் பார்க்க முடியாது. அதனால் மூடுவதற்கு முன்பு ஆலையிலேயே பார்க்கவேண்டும். தொழிற்சாலை வீட்டுக்கான விதிகளின் அடிப்படை இந்த ஒரு விடயம்தான்.

ஆகவே நான் இருந்த பெட்டியின் குறை அது ஆலையில் பிறந்தது அல்ல.

*

ஹம் ஒரு ரயில் நகரம். ஐரோப்பாவின் பெரிய சரக்கு ரயில் யார்டுகளில் ஒன்று இங்கே இருந்தது. அதனாலேயே இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் இந்த நகரத்தைத் தேடித் தேடி விழுந்தன. 1944 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் நடத்திய தாக்குதல் அவற்றில் பெரியது. போர் முடிந்தபோது உள்நகரத்தின் பெரும்பகுதி இடிந்து கிடந்தது.

குண்டு வீச்சில் வீடிழந்தவர்களுக்காக நாசி அரசு 1943 இல் ஓர் அவசர வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 'பெஹெல்ப்ஸ்ஹைம்' என்று பெயர். சமாளிப்பு வீடு என்று சொல்லலாம். நாடு முழுவதற்கும் ஒரே வரைபடம்: சுமார் 4 மீட்டருக்கு 5 மீட்டர், இரண்டு சிறு அறைகள், கழிப்பறை வெளியே. வழக்கமான அனுமதி நடைமுறைகள் தளர்த்தப்பட்டன. திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ரொபேர்ட் லையின் பெயரை வைத்து மக்கள் இவற்றை 'லை கொட்டில்' என்று பகிடி பண்ணினார்கள்.

போர் முடிந்ததும் இந்தப் பகுதி பிரித்தானிய ஆட்சிப் பிரதேசமானது. அவர்கள் கொண்டுவந்தது நிஸன் குடிசை. 1916 இல் பீற்றர் நிஸன் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் போர்முனைக்காக வடிவமைத்தது: நெளிதகரத்தை அரைப் பீப்பாயாக வளைத்து நிலத்தில் கவிழ்த்தது போல இருக்கும். கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மனியர் பலர் இவற்றில் குடியிருந்தார்கள். நடுவே ஒரு தட்டி வைத்து இரண்டு குடும்பங்கள்.

நான் ஹம்முக்குக் குடிவந்த புதிதில் என் மாடிக்குக் கீழே ஒரு மூதாட்டி இருந்தார். சிலேசியாவிலிருந்து சிறுமியாக வந்தவர். நான் கொண்டெய்னரில் இருந்ததை ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் இரும்புப் பெட்டியில் இருந்தீர்கள், நான் இரும்புப் பீப்பாயில் இருந்தேன்" என்றார். குளிர்காலத்தில் தகரத்தின் உட்பக்கத்தில் பனி படியுமாம். அவருடைய தாய் காலையில் கரண்டியால் அதைச் சுரண்டி எடுப்பாராம். "எத்தனை மாதம் என்று சொல்லி விட்டார்கள்?" என்று கேட்டேன். "ஒரு குளிர்காலம் என்றார்கள். நான்கு இருந்தோம்." அதன்பின் நாங்கள் இருவரும் வேறு நாட்டவர் போலப் பேசிக்கொண்டதில்லை.

சமாளிப்பு வீடுகளில் பல ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நின்றன. தோட்டக் காணிகளில், நகர ஓரங்களில், குடியிருக்க அனுமதி இல்லாத இடங்களில். இடித்தால் குடியிருப்பவர் எங்கே போவார்? நகர நிர்வாகங்கள் பல இடங்களில் கண்டும் காணாமலும் விட்டன. சட்டத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்தப் பெயர் 'டுல்டுங்'.

எங்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, ஆனால் திருப்பி அனுப்ப முடியாமல் இருப்பவருக்குக் கொடுக்கும் தாள் அது. வதிவிட உரிமை அல்ல. வெளியேற்றுவதை ஒத்திவைத்திருக்கிறோம் என்ற குறிப்பு. பொறுத்துக்கொள்ளல் என்று பொருள். கட்டடச் சட்டத்திலும் அதே சொல், அதே பொருள்: இந்தக் கட்டடம் இங்கே நிற்கக் கூடாது, ஆனால் இப்போதைக்கு இடிக்கமாட்டோம்.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. 'பெஸ்டான்ட்ஸ்ஷுட்ஸ்'. இருப்பதற்கான காப்பு. முறையான அனுமதியோடு கட்டிய வீட்டை, பின்னால் விதி மாறினாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் இடிக்கச் சொல்ல முடியாது. கட்டும்போது சரியாக இருந்தது, ஆகவே இருக்கலாம். பொறுத்துக்கொள்ளப்பட்ட கட்டடத்துக்கு இந்தக் காப்புத் தானாக வருவதில்லை, எத்தனை வருடம் நின்றாலும். எங்களில் பலர் பதினைந்து வருடம் டுல்டுங்கில் இருந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நான் இழுத்துக் கொண்டுவரவில்லை. ஒரே மொழி, ஒரே நிர்வாக மனம், அதனால் ஒரே சொல்.

லண்டனிலும் இதே கதைதான் நடந்தது. 1944 இல் இயற்றிய தற்காலிக வீட்டுச் சட்டத்தின்படி பிரித்தானியாவில் 156,623 முன்தயாரிப்பு வீடுகள் எழுந்தன. பத்து வருடத்துக்கு என்று கணக்கு. தென்கிழக்கு லண்டனின் கற்பேர்ட் பகுதியில் 186 வீடுகள் கொண்ட ஒரு தெருத்தொகுதி, ஜேர்மனிய, இத்தாலியப் போர்க்கைதிகளின் கைகளால் கட்டப்பட்டது, இந்த நூற்றாண்டு வரை நின்றது. அங்கே இருந்தவர்களில் பலர் போக மறுத்தார்கள். அந்த வீடுகளில் தனிக் குளியலறை இருந்தது, குளிர்சாதனப் பெட்டி இருந்தது, முன்னால் பூந்தோட்டம் இருந்தது. தற்காலிக வீடும் மனிதரை மதித்துக் கட்டப்பட்டால் வீடாகிவிடுகிறது.

*

இந்த விடயத்தில் உலகில் தனிவழி போன நாடு அமெரிக்கா. அங்கே சக்கரம் பூட்டிய வண்டி வீடு, ஏழைகளின் நிரந்தர வீடாக மாறிவிட்டது. வண்டி என்பதால் கட்டட விதி பொருந்தவில்லை. வீடு என்பதால் வண்டி விதியும் போதவில்லை. தீயில் பலர் இறந்தார்கள், புயலில் பல வீடுகள் பறந்தன. 1974 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. 1976 ஜூன் 15 முதல், ஆலையில் செய்து நிரந்தர அடிச்சட்டத்தில் பூட்டி அனுப்பும் வீடுகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி வந்தது. மாநிலமோ நகரமோ வேறு கட்டுமான விதியைத் திணிக்க முடியாது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சிவப்பு உலோக முத்திரை ஒட்டவேண்டும். 1980 இல் 'நகரும் வீடு' என்ற பெயரையே சட்டத்தில் மாற்றி 'ஆலையில் செய்த வீடு' என்றார்கள். நிரந்தர அடிச்சட்டம் இல்லாமல் பெட்டி பெட்டியாக வந்து அத்திவாரத்தில் இறங்கும் வீடுகள் வேறு வகை. அவை அந்தந்த இடத்தின் சாதாரண கட்டட விதிக்குள் வரும். 1992 இல் அன்ட்ரூ சூறாவளி புளோரிடாவைத் தாக்கி ஆயிரக்கணக்கான வீடுகளைப் பிய்த்தெறிந்தது. இரண்டு வருடத்தில் காற்றைத் தாங்கும் அளவுகள் கடுமையாக்கப்பட்டன.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஆலை வீட்டின் பலகைகளிலிருந்து வெளிவரும் போர்மல்டிஹைட் வாயுவுக்கு 1980களிலேயே அந்த விதி ஒரு கட்டுப்பாடு வைத்தது. 2005 இல் கற்றினா சூறாவளியின் பின் வீடிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த பல்லாயிரம் குடில்கள் சுற்றுலா வண்டிகள் என்ற வகையில் வந்தன. விடுமுறைக்கு இரண்டு கிழமை தங்குவதற்கான வண்டி. அந்தக் கட்டுப்பாடு அவற்றுக்குப் பொருந்தவில்லை. மக்கள் அவற்றில் இரண்டு வருடம், மூன்று வருடம் இருந்தார்கள். கண் எரிச்சல், மூச்சு முட்டல் என்று முறைப்பாடுகள் வந்தன. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 குடில்களில் காற்றை அளந்தது. சராசரி நூறு கோடிக்கு 77 பங்கு. சாதாரண வீட்டுக் காற்றில் இருப்பதைவிட மிகக் கூடுதல்.

பலகை அதே பலகை. மூச்சு அதே மூச்சு. எந்த வகையில் எழுதினார்கள் என்பதுதான் வேறு.

*

2014 நவம்பரில் ஜேர்மனி தன் கட்டடத் திட்டச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அகதிகள் தொகை கூடிக்கொண்டிருந்த நேரம். தொழிற்பேட்டைகளில் சாதாரணமாக மக்கள் குடியிருக்க முடியாது; காவலாளி, பொறுப்பாளர் போன்றோருக்கு மட்டும் விதிவிலக்கு. புதிய திருத்தம், குறிப்பிட்ட தொழிற்பேட்டைகளில் அகதிக் குடியிருப்புகளுக்கு வழி திறந்தது. 2015 ஒக்ரோபரில் இன்னும் தளர்த்தினார்கள்: நகர்த்தக்கூடிய குடியிருப்புகளைப் பெரும் தொழிற்சாலைப் பகுதிகளிலும் வைக்கலாம், அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு. அதே காலத்தில் வெப்பச் சேமிப்பு விதிகளிலும் அகதிக் குடியிருப்புகளுக்குச் சலுகை கொடுக்கப்பட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்தத் திட்டமிடாத தற்காலிகக் கட்டடத்துக்கு அந்த விதிகள் முன்பிருந்தே பொருந்துவதில்லை.

அந்த வருடம் நான் ஆலையில் இரவு வேலையும் செய்தேன். மக்கள் விளையாட்டு மண்டபங்களில் படுத்துக் கிடந்தார்கள். கூரை வேண்டும், உடனே வேண்டும். தளர்த்தாமல் வேறு வழி இருக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தற்காலிகச் சட்டப் பிரிவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். முதலில் 2019 முடிவு வரை என்றார்கள். பிறகு 2024 முடிவு வரை. அதன்பின் 2027 முடிவு வரை. மூன்று வருடக் கெடுவை நீட்டிக்கவும் வழி செய்யப்பட்டது. சட்டமே டுல்டுங்கில் இருப்பது போல ஒவ்வொரு முத்திரையாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

தொழிற்பேட்டை என்றதும் எங்களுக்கு ஊன்ற்றொப் நினைவு வரும். ஹம்மின் கிழக்குப் புறம். பெரிய மின் நிலையம், கால்வாய், களஞ்சியங்கள், அவற்றுக்கு நடுவில் 17 மீட்டர் இராஜகோபுரம். ஸ்ரீ காமாட்சி அம்பாள் எப்படி அங்கே போனாள் என்பதும் கட்டட விதிகளின் கதைதான். 1989 இல் பாஸ்கரக்குருக்கள் ஒரு வீட்டின் நிலவறையில் பூசையைத் தொடங்கினார். பிறகு ஒரு பழைய சலவைக்கூடத்துக்கு மாறியது. தேர்த் திருவிழாவுக்குச் சனம் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கியபோது, வாகனம் நிறுத்த இடமில்லை, கழிப்பறை போதாது, அயலவர்க்கு இரைச்சல் என்று பிரச்சினைகள் எழுந்தன. குடியிருப்புப் பகுதியில் அந்த அளவு கூட்டத்துக்கு இடம் கொடுக்க முடியாது. இறுதியில் காணி கிடைத்தது தொழிற்பேட்டையில். ஹம் நகரின் ஹைன்ஸ்-ரைனர் ஐக்ஹோர்ஸ்ற் என்ற ஜேர்மனியக் கட்டடக் கலைஞர் வரைபடம் கீற, சிற்பாசாரிகள் கோபுரம் செய்தார்கள். 2002 ஜூலை 7 ஆம் திகதி கும்பாபிஷேகம்.

திருப்பணி நடக்கும்போது மூலவரைச் சிறிய தற்காலிகக் கோயிலில் வைத்துப் பூசை செய்யும் வழக்கம் எங்களுக்கு உண்டு. பாலாலயம் என்போம், பாலஸ்தாபனம் என்றும் சொல்வோம். மூலஸ்தானத்தை விடச் சின்னது. ஆனால் அங்கே பூசை குறையாது. விளக்கு அணையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வைக்கும்போதே திரும்பிப் போகும் நாளைப் பற்றிய கடப்பாடு ஏற்கப்படுகிறது. திருப்பணியை இழுத்தடித்தால் ஊரே பழி சொல்லும். நிலவறையிலும் சலவைக்கூடத்திலும் அம்பாள் இருந்த பதின்மூன்று வருடங்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன். தற்காலிகத்துக்கும் ஒரு முறை வைத்திருந்த பண்பாடு எங்களுடையது.

*

அந்த முறையை நாட்டில் நாங்கள் மனிதருக்கும் கேட்டோம், ஒரு தடவை.

போர் முடிந்து சனம் வன்னிக்குத் திரும்பியபோது பலருக்குக் கிடைத்தது பன்னிரண்டு தகரமும் ஒரு தறப்பாளும். பின்னர் இந்திய அரசின் வீட்டுத்திட்டம் வந்தது. வீட்டுக்காரரே நின்று கட்டுவிக்கும் முறையில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். கிளிநொச்சியில் என் அக்கா அப்படித்தான் கட்டினார். காசு போதாமல் நானும் அனுப்பினேன். ஆனாலும் மேசனும் ஓடாவியும் ஊர் ஆட்கள், சீமெந்துக்கல் ஊரில் அரிந்தது, எந்தப் பக்கம் குசினி என்று அக்காவே சொன்னார்.

2015, 2016 இல் இலங்கை அரசு வடக்குக் கிழக்குக்கு 65,000 முன்தயாரிப்பு உருக்கு வீடுகளைக் கொண்டுவரத் திட்டமிட்டது. ஆர்செலர் மித்தல் என்ற உலகின் பெரிய உருக்கு நிறுவனம் தெரிவானது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். கல்வீட்டுக்கு ஆகும் செலவின் இரண்டு மடங்குக்கு மேல். மாதிரி வீடுகள் கட்டிக் காட்டப்பட்டன. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும், வடக்கின் சமூக ஆய்வாளர்களும், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேள்வி எழுப்பினார்கள். அத்திவாரம் போதுமா? கூரை எத்தனை வருடம் தாங்கும்? வெக்கைக்குக் காற்றோட்டம் எங்கே? துருப்பிடித்தால் திருத்துவது யார்? ஊர் மேசன்களுக்கு என்ன வேலை?

அக்காவிடம் தொலைபேசியில் இதைப் பற்றிக் கேட்டேன். எனக்கு அந்த வீடுகள் மேல் கொஞ்சம் அனுதாபம் இருந்தது. நான் செய்யும் வேலை அல்லவா.

"நல்ல வடிவாத்தான் இருக்காம் தம்பி. பக்கத்து வீட்டுப் பெடியன் போய்ப் பாத்திட்டு வந்தவன். ஆனா விறகடுப்பு எங்க வைக்கிறது? நாளைக்குப் பிள்ளை கலியாணம் கட்டினா ஒரு அறை இழுத்துக் கட்டேலுமே? ஆணி ஒண்டு அடிக்கிறதெண்டாலும் கொம்பனியைக் கேக்கோணுமாம்."

கொம்பனியைக் கேட்கவேண்டும் என்பது அந்தப் பெடியன் சொன்ன கதையாக இருக்கலாம். மற்ற இரண்டு கேள்விகளும் எந்தக் கட்டட விதிப் புத்தகத்திலும் இருக்கவேண்டியவை. வீடு வளருமா என்று ஜேர்மனிய விதி கேட்பதில்லை, இங்கே வீடு வளர்வதில்லை. எங்கள் ஊரில் வீடு ஒரு மண்டபமும் அறையுமாகத் தொடங்கி, சீதனத்துக்கு ஓர் அறை, வெளிநாட்டுக் காசுக்கு ஒரு விறாந்தை என்று முப்பது வருடம் வளரும். ஊர் மேசன் தொட முடியாத சுவர் அங்கே சுவர் அல்ல. எதிர்ப்பின் பின்னர் திட்டம் அதன் முதல் வடிவில் நிறைவேறவில்லை. அந்த எதிர்ப்பை அரசியல் என்று மட்டும் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அது கட்டட விதிகளைப் பற்றி எங்கள் மக்கள் நடத்திய ஒரு பெரிய விவாதம்.

*

ஆலை வீடுகளுக்கு இப்போது ஜேர்மனியில் வகை அனுமதி வந்திருக்கிறது. ஒரே மாதிரி வீட்டை ஒருமுறை முழுதாகப் பரிசோதித்து அனுமதி கொடுத்தால், அதன்பின் ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்குரியதை மட்டும் பார்த்தால் போதும். மாதிரித் தொகுப்பில் 2019 இல் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடு. வேகத்துக்காகத் தரத்தைக் குறைக்கத் தேவையில்லை. பரிசோதனையை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. 2015 இல் இது இருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

எங்கள் சங்கங்களும் கோயில்களும் பழைய மாணவர் அமைப்புகளும் நாட்டில் வீடு கட்டிக் கொடுக்கின்றன. வெள்ளம் வந்தால், புயல் வந்தால், உடனே தற்காலிகக் கொட்டில் போடக் காசு சேர்க்கிறோம். சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்தில் இருப்பவர் எவராவது எழுந்து மூன்று கேள்விகள் கேட்கவேண்டும்: எத்தனை மாதத்துக்கு? அந்த நாள் தாண்டினால் இதைத் திருத்தவோ மாற்றவோ பொறுப்பு யாருக்கு? குடியிருப்பவர் இதில் ஓர் ஆணி அடிக்கலாமா? பதில் இல்லையென்றால் அந்தக் கொட்டிலை நிரந்தர வீட்டுக்கான அளவிலேயே கட்டுங்கள். ஏனென்றால் அதில் ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்.

போன வருடம் நான் இளைப்பாறினேன். ஆலையில் தந்த அளவு நாடாவைத் திருப்பிக் கேட்கவில்லை. தேர்த் திருவிழாவுக்கு வந்த அக்காவின் மகள் என் வீட்டில் தங்கியிருந்தபோது அதை எடுத்து, நான் சொல்லாமலே, கதிரையில் ஏறிக் கூரையை அளந்தாள். "2.52, மாமா" என்றாள். அம்மாவின் வீட்டைவிட உயரம் குறைவு என்று சிரித்தாள்.